நைஸ், சில்லி: ரெண்டு குட்டி வார்த்தைங்களைப் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலீஷ் கத்துக்கிறவங்க முதல் வாரத்துலயே கத்துக்கிற வார்த்தை நைஸ். அடுத்த வாரம் "அசட்டுத்தனமான"ங்கற அர்த்தத்துல வர்ற சில்லி வந்துடும். ரெண்டும் ஈசின்னு நினைச்சு அதோட விட்டுடறோம், அப்புறம் பத்து வருஷம் கழிச்சும் ஒரு மெயில்ல இதைப் போடலாமா வேணாமான்னு கை நிக்குது. நண்பர்கள், கூட வேலை பாக்குறவங்க, அக்கா பசங்கன்னு நிறைய பேர் என்கிட்ட கேட்டதை இங்க ஒன்னா சேத்துப் போட்டிருக்கேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, வேணுங்கற கேள்விக்கு நேரா போயிடுங்க.

ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையே, எதுக்கு ஒரே பக்கத்துல வச்சுப் பேசணும்?

வேர்ல சம்பந்தம் இல்லதான். நைஸ் லத்தீன்ல பொறந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த வார்த்தை, சில்லி இங்கிலீஷோட சொந்த வீட்டுப் பிள்ளை. ஆனா ஒரு காலத்துல நைஸ்னா முட்டாள், சில்லினா பாக்கியசாலி. நெஜமாத்தான். ரெண்டும் எதிரெதிர் திசையில நடந்து, நடுவுல எங்கயோ ஒன்னை ஒன்னு கடந்து போய், இப்போ அது இருந்த வீட்டுப் பக்கம் இதுவும் இது இருந்த வீட்டுப் பக்கம் அதுவும் குடியிருக்கு. இந்தக் கதை தெரிஞ்சா இன்னிக்கு இருக்குற பல வினோதமான பிரயோகம் தானா புரிஞ்சிடும், அதனாலதான் சேத்து வச்சிருக்கேன்.

நைஸ்னா முட்டாளா? எப்படிங்க அது "நல்ல"ன்னு ஆச்சு?

லத்தீன்ல நெஸ்கியுஸ்னு ஒரு வார்த்தை. நெ-ன்னா இல்லை, ஸ்கீரேன்னா அறியறது. ஆக "அறியாதவன்". அதே ஸ்கீரேல இருந்துதான் சயன்ஸும் வந்தது, அந்தக் கணக்குல சயன்ஸும் நைஸும் ஒன்னுவிட்ட அண்ணன் தம்பி, ஒருத்தன் படிச்சவன் இன்னொருத்தன் படிக்காதவன். பழைய பிரெஞ்சுல அது நைஸ் ஆகி, சுமார் 1300 வாக்குல இங்கிலீஷ்ல நுழையும்போது "மடத்தனமான"ங்கற அர்த்தத்தோடதான் நுழைஞ்சுது.

அப்புறம் மெதுவா நகர்ந்துச்சு. ஒன்னும் தெரியாதவன் கூச்சப்படுவான், தயங்குவான், சின்ன விஷயத்துக்கெல்லாம் அலட்டிக்குவான். அலட்டிக்கிறவன் "எனக்கு இது சரியில்ல, அது சரியில்ல"ன்னு எல்லாத்தையும் உத்துப் பாப்பான். உத்துப் பாக்குறது நுணுக்கம். நுணுக்கமா இருந்தா அது நேர்த்தி, நேர்த்தியா இருந்தா பாக்க இனிமை. இப்படி ஒவ்வொரு படியா ஏறி 18-ஆம் நூற்றாண்டுல "இனிமையான"ங்கற இடத்துக்கு வந்து சேந்துடுச்சு. நடுவுல இருக்குற சில பழைய வாக்கியத்தைப் படிச்சா எழுதினவர் திட்டுறாரா புகழுறாரான்னே பிடிபடாது.

மேல ஏறி வந்ததும் அதை ஆளாளுக்கு எல்லாத்துக்கும் போட ஆரம்பிச்சுட்டாங்க. ஜேன் ஆஸ்டனோட நார்த்தாங்கர் ஆபி 1817 கடைசியில வெளிவந்த நாவல், அதுல ஹென்றி டில்னின்னு ஒருத்தர் இதைத்தான் கிண்டல் பண்றார், இன்னிக்கு நைஸ் நாள், நாம போறது நைஸ் வாக், நீங்க ரெண்டு பேரும் நைஸ் பொண்ணுங்க, அடடா எல்லாத்துக்கும் பொருந்துற வார்த்தையா இருக்கேன்னு. இருநூறு வருஷமா இந்தக் கம்ப்ளைன்ட் அப்படியே இருக்கு, வார்த்தையும் அப்படியே இருக்கு.

அப்போ சில்லி எப்படி கீழ எறங்குச்சு?

பழைய இங்கிலீஷ்ல அது "கெசேலிக்"னு ஒரு மாதிரி இருந்துச்சு, அதிர்ஷ்டசாலி, ஆசீர்வதிக்கப்பட்டவர்னு அர்த்தம். ஜெர்மன்ல சேலிஷ்னு அதோட கூடப்பொறந்தது இன்னும் உசுரோட இருக்கு, அங்க இன்னிக்கும் "பேரானந்தத்துல இருக்கிற", "புனித" அப்படிங்கற மாதிரி அர்த்தம்தான். இங்கிலீஷ்ல மட்டும் சறுக்கிடுச்சு. ஆசீர்வதிக்கப்பட்டவர் கள்ளம் கபடம் இல்லாதவர், கள்ளம் இல்லாதவர் யாருக்கும் தீங்கு பண்ணாதவர், தீங்கு பண்ணத் தெரியாதவரைப் பாத்தா "ஐயோ பாவம்"னு இருக்கும், பாவப்பட்டது பலவீனமானது, பலவீனம்னா அறிவுலயும் பலவீனம்தானே, அப்படியே 16-ஆம் நூற்றாண்டு வாக்குல "அசட்டுத்தனமான"ன்னு வந்து நின்னுடுச்சு. மில்டன் 1629-ல எழுதின கிறிஸ்துமஸ் கவிதையில ஆட்டு இடையர்களோட எண்ணங்களை சில்லின்னு சொல்றார், அவர் அவங்களைத் திட்டல, எளிய சூதுவாது இல்லாத மனசுன்னுதான் சொல்றார். இப்போ படிக்கிறவங்களுக்கு அது கொஞ்சம் இடறும்.

நமக்கு இது புதுசே இல்ல. "அவன் ஒரு அப்பாவி"ன்னு சொல்லும்போது அதுல பாதி பாசம் பாதி ஏளனம் இருக்கா இல்லையா? வெகுளிய எடுத்துக்கோங்க, தொல்காப்பியத்துல எட்டு மெய்ப்பாட்டுல வெகுளின்னா கோபம், திருக்குறள்ல வெகுளாமைன்னு ஒரு அதிகாரமே இருக்கு, கோபப்படாம இருக்கறதைப் பத்தி. இன்னிக்கு வெகுளின்னா சூது தெரியாத ஆளு. நாற்றமும் அப்படித்தான், ஆண்டாள் "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ"ன்னு கேட்டது வாசனையைத்தான், இப்போ யாரையாவது பாத்து அப்படிக் கேட்டா அடிதான் விழும்.

இப்போ நைஸ்க்கு சரியான அர்த்தம் என்ன?

இதமான, பிடிச்ச மாதிரி இருக்குற, ஆளா இருந்தா அன்பா நடந்துக்கிற. அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது அதோட பலம் ரொம்பக் கம்மி. பாராட்டு வார்த்தைங்கள்ல அடிமட்டத்துல இருக்கறது இது. ஒருத்தர் ஆறு மாசம் உக்காந்து ஒரு வேலையை முடிச்சுக் காட்டும்போது நைஸ்னு மட்டும் சொன்னா, "ம்ம், பரவால்ல"ன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அந்த இடத்துல எது நல்லா இருந்துச்சுன்னு குறிப்பா ஒரு வாக்கியம் சொல்றது மேல். ஆனா குரல்ல இழுத்து, கண்ணை விரிச்சு "நை...ஸ்"னு சொன்னா அது வேற, அங்க பாராட்டு வார்த்தையில இல்ல, இழுவையில இருக்கு. எழுத்துல அந்த இழுவை இல்லையே, அதான் சிக்கல்.

மெசேஜ்ல வெறும் "நைஸ்"னு ரிப்ளை போட்டா தப்பா எடுத்துக்குவாங்களா?

எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. பக்கத்துல ஆச்சரியக்குறி இருந்தா சந்தோஷம், ஒன்னுமே இல்லன்னா சாதாரணம், ஒரு முற்றுப்புள்ளி வச்சீங்கன்னா பல பேர் காதுல அது குத்தலாத்தான் விழும். இன்னும் ஒன்னு, காரியம் கெட்டுப்போன பிறகு "ஓ, நைஸ்"னு சொன்னா அது சுத்தமான நக்கல், நாம "ரொம்ப நல்லாருக்கு!"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்றோமே, அதே. "நைஸ் ட்ரை"யும் ரெண்டு பக்கமும் வெட்டும். குழந்தைகிட்ட சொன்னா "நல்ல முயற்சிடா கண்ணா", ஏமாத்தப் பாத்தவன்கிட்ட சொன்னா "உன் பருப்பு இங்க வேகாது".

சில்லி, ஸ்டுப்பிட், ஃபூலிஷ் மூனும் ஒன்னுதானே?

இல்லங்க, இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஸ்டுப்பிட் அடிக்கிற வார்த்தை, அறிவையே குறை சொல்லுது. ஃபூலிஷ் கொஞ்சம் பெரிய மனுஷத்தனமான வார்த்தை, யோசிக்காம முடிவு எடுத்து பின்னாடி விளைவை அனுபவிக்கப் போறவனுக்கு. சில்லி இதுல ரொம்ப மெது, அதுல விளையாட்டு இருக்கு, சிரிப்பு இருக்கு. தமிழ்ல "அசடு"ன்னு சொல்றோமே, பாட்டி பேரனைப் பாத்து "அட அசடே"ன்னு சொல்ற அந்த தொனி. பூட்டின கதவை நாலு தடவை இழுத்துப் பாக்குறது சில்லி. தெரிஞ்சே தப்பான ஆளை நம்பி கையெழுத்துப் போடுறது ஃபூலிஷ். குடிச்சுட்டு வண்டி ஓட்டுறது ஸ்டுப்பிட், அதைப் போய் சில்லின்னு சொன்னா விஷயத்தையே லேசாக்கிடறீங்க.

மெதுவான வார்த்தைங்கறதால யார்கிட்ட வேணா சொல்லலாம்னு நினைச்சுடாதீங்க. சமமா பழகுறவங்ககிட்ட சரி, குழந்தைங்ககிட்ட சரி. நான் ஒரு தடவை என்னைவிட வயசுல பெரியவர் ஒருத்தர் அனுப்பின திட்டத்தைப் பாத்துட்டு, மூனாவது பாயின்ட் மட்டும் கொஞ்சம் சில்லியா இருக்குன்னு பதில் எழுதிட்டேன், ஸ்டுப்பிட்னு சொல்லலையே, மரியாதையாத்தானே சொல்லிருக்கோம்னு எனக்கு ஒரு நிம்மதி வேற. அவருக்கு அது ஸ்டுப்பிட்டைவிட மோசமாப் பட்டிருக்கு. அப்புறம்தான் புரிஞ்சுது, ஸ்டுப்பிட்னு சொன்னா எதிராளின்னு ஒத்துக்கிட்டு சண்டைக்கு நிக்கிறோம், சில்லின்னு சொன்னா அவரைச் சின்னப் பிள்ளையாக்கிடறோம். அதுக்கு அப்புறம் வேலை சம்பந்தமான எழுத்துல நான் அதை என்னைப் பத்தி சொல்லும்போது மட்டும்தான் போடுறது.

"ஐ ஹேவ் எ சில்லி டவுட்"னு சொல்றது சரியா?

நம்ம ஊர்ப் பக்கம் இங்கிலீஷ்ல எல்லாருக்கும் புரியும். வெளியில டவுட்னா சந்தேகப்படுறது, நம்பிக்கை இல்லாதது, அதனால "கொஸ்டின்"னு மாத்திட்டா வம்பில்ல. சில்லி அந்த இடத்துல சரியாத்தான் உக்காருது, "கேக்கவே கூச்சமா இருக்கு, ஆனாலும் கேக்குறேன்"ங்கற பணிவு. அடிக்கடி போடாதீங்க, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னாடி சில்லி சில்லின்னு போட்டா ஆளுங்க நம்பிடுவாங்க. "சில்லி மிஸ்டேக்"கும் அதே ரகம், தெரியாததால வர்ற தப்பு இல்ல, தெரிஞ்சும் கவனக்குறைவால கூட்டல் குறியைக் கழித்தல்னு படிச்சுட்டு வர்ற தப்பு.

"ஹி இஸ் சில்லி", "ஹி இஸ் பீயிங் சில்லி", என்ன வித்தியாசம்?

முதல்ல சொன்னது அவர் குணம், எப்பவுமே அப்படி. ரெண்டாவது இந்த நேரத்துல அப்படி நடந்துக்கிறார். சண்டையில இந்த பீயிங் பெரிய உதவி, ஆளை விட்டுட்டு நடத்தையை மட்டும் சொல்லலாம். நைஸ்லயும் இதே கணக்கு இருக்கு, ஆனா அங்க விளைவு தலைகீழ். "ஷி இஸ் நைஸ்"னா நல்லவங்க. "ஷி இஸ் பீயிங் நைஸ்"னா இப்போதைக்கு நல்லா நடந்துக்கிறாங்க, வழக்கமா இப்படி இல்லையே, என்ன விஷயம்னு கேக்குறவங்க புருவம் கொஞ்சம் தூக்கும். ஒரே இலக்கணம், ஒன்னுல குத்தத்தைக் குறைக்குது, இன்னொன்னுல பாராட்டைக் குறைக்குது. எனக்கு இந்த ரெண்டு வார்த்தையிலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

"நைஸ் ஆஃப் யூ"வா "நைஸ் ஃபார் யூ"வா?

ஆஃப் போட்டா அந்த ஆளோட குணத்தைப் பத்தி, "இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்", நீங்க வந்தது உங்க நல்ல மனசு. ஃபார் போட்டா அந்த ஆளுக்குக் கிடைச்ச சுகம், "தட்ஸ் நைஸ் ஃபார் யூ", உனக்கு நல்லதாப் போச்சு, இதுல லேசா பொறாமை வாசனையும் வரலாம். சில்லி பெரும்பாலும் ஆஃப் கூடத்தான் இந்த மாதிரி வரும், "இட் வாஸ் சில்லி ஆஃப் மி டு ஃபர்கெட்", நான் மறந்தது என் அசட்டுத்தனம்.

"நைஸ் டு மீட் யூ"வை எத்தனை தடவை சொல்லலாம்?

முதல் தடவை பாக்கும்போது. கிளம்பும்போது "நைஸ் மீட்டிங் யூ". அடுத்த தடவையில இருந்து மீட் போய் சீ வந்துடும். ஏற்கனவே நாலு தடவை பழகினவர்கிட்ட மறுபடியும் நைஸ் டு மீட் யூ சொன்னா, உங்களை எனக்கு ஞாபகமே இல்லன்னு அர்த்தம்.

சில்லி எல்-ஒய்ல முடியுதே, அப்போ வினையடைதானே?

கிடையாது. ஃப்ரெண்ட்லி, லவ்லி மாதிரி இதுவும் பெயரடைதான். "ஹி வாக்ட் சில்லி"ன்னு எழுதக்கூடாது, "இன் எ சில்லி வே"ன்னு சுத்தி வளைச்சுத்தான் சொல்லணும். சில்லிலின்னு ஒன்னு டிக்ஷனரியில இருக்கு, சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும், அதான் யாரும் சொல்றதில்ல. நைஸுக்கு அந்தக் கஷ்டம் இல்ல, நைஸ்லி. ஒப்பிடும்போது நைசர், நைசஸ்ட், சில்லியர், சில்லியஸ்ட். மோர் நைஸ்னு சொல்லாதீங்க.

"லாஃப்ட் மைசெல்ஃப் சில்லி"ன்னு ஒரு இடத்துல படிச்சேன், அது தப்பா அப்போ?

அது தப்பில்ல, அது வேற. சிரிச்சதால சில்லி ஆன நிலை, புத்தி கலங்குற அளவுக்கு சிரிச்சாச்சு. "போர்ட் சில்லி", "ஸ்கேர்ட் சில்லி"ன்னும் வரும், நாம "சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாச்சு"ன்னு சொல்ற மாதிரி ஒரு மிகை.

"நைஸ் அண்ட் வார்ம்"னா நல்லாவும் இருக்கு, சூடாவும் இருக்குன்னு ரெண்டு விஷயமா?

ஒரே விஷயம். "நல்லா கதகதன்னு இருக்கு"ங்கறதுல வர்ற "நல்லா"தான் அந்த நைஸ் அண்ட். நைஸ் அண்ட் ஈசி, நைஸ் அண்ட் ஸ்லோ எல்லாம் இதே. வேற வார்த்தைங்க கூட சேரும்போது நைஸும் சில்லியும் முன்னாடி நிக்கும், ஏன்னா அபிப்ராயம் சொல்ற வார்த்தை அளவு, வயசு, நிறத்துக்கு முந்தி வரணும். நைஸ் பிக் ரூம். சில்லி லிட்டில் மிஸ்டேக். பிக் நைஸ் ரூம்னா காதுக்கு உறுத்தும்.

ஒரு பழைய கட்டுரையில "எ நைஸ் டிஸ்டிங்ஷன்"னு இருந்துச்சு. அழகான வேறுபாடா?

நுணுக்கமான வேறுபாடு. மேல சொன்ன கதையில நடுவுல ஒரு படி வந்துச்சே, நுணுக்கம்னு, அது முழுசா சாகல, இந்த மாதிரி சில சொற்சேர்க்கையில ஒட்டிக்கிட்டு இருக்கு. நைசிட்டிங்கற பெயர்ச்சொல்லும் அங்க இருந்துதான், ஒரு விஷயத்தோட நெளிவு சுளிவு. நைஸ்னஸ்னா நல்ல குணம், நைசிட்டின்னா நுணுக்கம், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

தமிழ்ல "நைசா நழுவிட்டான்"னு சொல்றோமே, அது இங்கிலீஷ்ல செல்லுமா?

செல்லாது! நம்ம நைஸ் தனியா குடித்தனம் பண்ணுது. "நைசா பேசி காரியத்தை சாதிச்சுட்டான்", "நைசா கேட்டுப் பாரு", "பொடியை நைசா அரை", எத்தனை அர்த்தம் பாருங்க, சத்தமில்லாம, தாஜா பண்ணி, மொறமொறப்பு இல்லாம. இங்கிலீஷ்ல "ஹி நைஸ்லி எஸ்கேப்ட்"னு சொன்னா கேக்குறவருக்கு அந்தக் கள்ளத்தனம் போய்ச் சேராது, அதுக்கு "ஸ்லிப்ட் அவே" இல்ல "ஸ்னீக்ட் ஆஃப்". அரைச்ச பொடிக்கு "ஃபைன்". ஆனா இந்தப் பொடி நைசையும் அந்த "நுணுக்கமான" பழைய நைசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஜாடை ஒத்துப்போகுது, எனக்கு அப்படித் தோணுது, அவ்வளவுதான்.

கிரிக்கெட்ல சில்லி பாயின்ட், சில்லி மிட் ஆன், அங்க சில்லி எதுக்கு?

பாயின்ட் இருக்குற அதே திசையில, ஆனா பேட்ஸ்மேனுக்கு மூக்குக்கு முன்னாடி குனிஞ்சுக்கிட்டு நிக்கணும். பந்து ஓங்கி அடிச்சா கண்ணிமைக்க நேரம் கிடையாது. புத்தி இருக்குறவன் நிப்பானா அங்க, அதான் சில்லி. சில்லி மிட் ஆன், சில்லி மிட் ஆஃப் எல்லாத்துக்கும் அதே விளக்கம். ஸ்பின்னர் போடும்போது பேட்லயும் பேட்லயும் பட்டு, அதாவது மட்டையிலயும் கால் கவசத்துலயும் பட்டு, எகிறுற பந்தைப் பிடிக்கத்தான் அந்தத் தியாகம்.

கம்ப்யூட்டர்ல கூட இந்த வார்த்தைங்க இருக்காமே?

ரெண்டுமே இருக்கு. யூனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல நைஸ்னு ஒரு கமாண்ட். ஒரு புரோகிராமோட நைஸ் எண் லினக்ஸ்ல மைனஸ் 20-ல இருந்து 19 வரை போகும், எண் கூடக் கூட அதுக்குக் கிடைக்கிற முன்னுரிமை குறையும். முதல்ல பாக்கும்போது தலைகீழா இருக்கேன்னு தோணும், வார்த்தையோட அர்த்தத்தை நினைச்சா சரியாயிடும், அதிகமா நைஸா இருக்குறவன் மத்தவங்களுக்கு வழி விட்டு ஓரமா நிக்கிறான். நம்மளை நாமளே நைஸ் ஆக்கிக்கலாம், எண்ணைக் குறைச்சு அடாவடி பண்ண மட்டும் அட்மின் அனுமதி வேணும்.

சில்லி இருக்குறது நெட்வொர்க்ல. சில்லி விண்டோ சிண்ட்ரோம்னு பேரு, 1982-ல வந்த ஆர்எஃப்சி 813-ங்கற இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணத்துல டேவிட் கிளார்க் விளக்கி எழுதினது. வாங்குற பக்கம் இடம் கொஞ்சம் கொஞ்சமா காலியாக, அனுப்புற பக்கம் ஒன்னு ரெண்டு பைட்டா அனுப்பிக்கிட்டே இருக்கும், ஒவ்வொன்னுக்கும் முகவரி மாதிரி விவரம் இருக்குற தலைப்பகுதி மட்டுமே 40 பைட். ஒரு தீப்பெட்டியை அனுப்ப லாரி பிடிக்கிற கதை. கெடுதல் பண்ணணும்னு யாரும் பண்ணல, அசட்டுத்தனமான வீண் செலவு, சில்லிங்கற பேரு கச்சிதமா பொருந்துது.

உச்சரிப்புல ஏதாவது கவனிக்கணுமா?

சில்லியோட முதல் சத்தம் பாம்பு சீறுற ஸ. நாம தமிழ்ல ச போட்டு எழுதறதால "ச்ச"ன்னு அழுத்திட்டோம்னா அது குளிரைச் சொல்ற வார்த்தை ஆயிடும், "டோன்ட் பி சில்லி"ன்னு சொல்லப் போய் "குளிராதே"ன்னு சொன்ன மாதிரி. இங்கிலாந்துக்குத் தென்மேற்குல ஒரு தீவுக் கூட்டம் இருக்கு, அதோட பேரையும் சில்லின்னுதான் சொல்லணும், எழுத்து மட்டும் வேற. நைஸ் கடைசியில இழுக்காம ஸ்-ஸோட நிறுத்துங்க, z மாதிரி அதிர வேணாம்னு சொல்றதுக்கு இங்க எழுத்து இல்ல, தேனீ மாதிரி ரீங்காரம் வரக்கூடாதுன்னு வச்சுக்கோங்க. பிரான்ஸ்ல இருக்குற அதே எழுத்துள்ள ஊரு நீஸ், கிரேக்க மொழியில வெற்றிங்கற சொல்லுல இருந்து வந்த பேரு, நம்ம முட்டாள் நைஸுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

ஒருத்தரை ஒரே நேரத்துல நைஸ்னும் சில்லின்னும் சொல்லலாமா?

தாராளமா. ரெண்டும் எதிர்ச்சொல் இல்லையே. நைஸுக்கு எதிர் நாஸ்டி, சில்லிக்கு எதிர் சென்சிபிள். குழந்தைங்களை மடியில உக்கார வச்சு முகத்தை அஷ்டகோணலாக்கிச் சிரிக்க வைக்கிற மாமா ஒருத்தர் எல்லா வீட்டுலயும் இருப்பார், அவர் ரெண்டும்தான்.